பெரியத்தாவுக்கு உடம்புக்கு என்ன?

எங்கள் குடும்பத்தில் சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். நேராகப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். நடுவில் ஓர் ஆள் வேண்டும். "சாவி எங்கேன்னு கேளு", "ஆணியில தொங்குதுன்னு சொல்லு" என்று ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டே காரியத்தை முடித்துவிடுவார்கள். என்னைப் பெற்ற அத்தாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியத்தாவுக்கும் நடு ஆள் நான். (சம்பளம் கிடையாது. இரண்டு பக்கமும் திட்டு மட்டும் உண்டு.)

சண்டைக்குக் காரணம் ஒரு சஹன். எங்கள் கல்யாண விருந்துகளில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்கிற பெரிய தட்டில் சோறும் கறியும் வரும், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் பெரியத்தா தன் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுத் தம்பிக்காகக் காத்திருக்க, அத்தா அதைக் கவனிக்காமல் ஒரத்தநாட்டு மச்சானோடு வேறு சஹனில் உட்கார்ந்துவிட்டார். பெரியத்தா சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். அன்றோடு பேச்சு நின்றது. மன்னார்குடியில் அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் முகம் பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் பெரியத்தா மடியில் வளர்ந்தவள். "பெரியத்தா வந்து நிக்காம, நிக்காஹ்வுக்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்று அழுதுகொண்டே படுத்துவிட்டாள். அத்தா போய் அழைக்க மாட்டார். பெரியத்தா அழைக்காமல் வரமாட்டார். அம்மா இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துக் களைத்துவிட்டாள்.

நான் அப்போது தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறேன் என்பதைவிடக் கண்டுபிடித்தவளே நான்தான் என்கிற நினைப்பில் திரிந்தேன் என்பது சரி. துபாயில் அத்தாவின் தம்பியான சின்னத்தா, சிங்கப்பூரில் பெரியத்தாவின் மகன், இங்கே பேசாத இரண்டு வீடு, எல்லோரையும் இன்டர்நெட்டில் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. நாம் அழைத்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம், வெளியாள் ஓர் எழுத்தும் படிக்க முடியாது, அப்படி ஒரு குரூப்பைத் தொடங்கினேன். 'நம்ம வீடு' என்று பெயரும் வைத்தேன். இரண்டே வாரத்தில் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், குடும்பமே என் நெற்றியில் முத்தமிடும் என்பது திட்டம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் டைப் அடிக்கத் தெரியாது என்பதைத் திட்டத்தில் சேர்க்க மறந்துபோனேன். ஆகவே சனிக்கிழமைகளில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு அவர்கள் வெவ்வேறு நேரத்தில் வர, அவரவர் கணக்கைத் திறந்து, சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துச் சத்தமாகப் பேசுவார்.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு. சில பேரு வயலுக்கு மடை தொறக்கணும்னா தொறந்துக்கலாம்னு போடு."

அடுத்து பெரியத்தா வருவார். நான் படித்துக் காட்டுவேன்.

"தண்ணி வந்தது எங்களுக்கும் தெரியும்னு போடு."

முன்பு அடுத்த தெருவுக்கு நடந்து கொண்டுபோன சேதியை இப்போது அமெரிக்கா வழியாக அனுப்பிக்கொண்டிருந்தேன். துபாயிலிருந்து சின்னத்தா எழுதினார்: 'யார் யாருக்குச் சொல்றீங்க? எனக்கு எங்க வயல் இருக்கு?'

கல்யாணம் நெருங்கியது. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு சனிக்கிழமை, பெரியத்தா வந்து வழக்கம்போல இரண்டு வரி முறைத்துவிட்டுப் போன சூட்டோடு அத்தா வந்தார். கண் கலங்கியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய குரலில் சொன்னார்.

"அண்ணே, அன்னைக்கு உங்க சஹன்ல உக்காராதது என் தப்புதான். மன்னிச்சிருங்க. இதப் போடும்மா."

அடித்தேன், அனுப்பினேன். அத்தா எழுந்து, யாரும் பார்த்துவிட்டார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நானும் நோபல் பரிசு வாங்கிய நடையில் வீட்டுக்கு வந்தேன். பெரியத்தாவின் கணக்கை மூடாமல், அதிலிருந்தே அத்தாவின் மன்னிப்பை அனுப்பியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது.

அதாவது, உலகத்தைப் பொறுத்தவரை பெரியத்தா தன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர்தான் வீட்டில் மூத்தவர். அவருக்கு அண்ணனே கிடையாது.

மறுநாள் காலை துபாயிலிருந்து போன். நான்தான் எடுத்தேன்.

"மெஹரு, பெரியண்ணனுக்கு உடம்புக்கு என்ன?" சலாம்கூடச் சொல்லாமல் கேட்டார் சின்னத்தா.

"நல்லாத்தானே இருக்காங்க!"

"மறைக்காதே. அவரு வாயில மன்னிப்புங்கிற வார்த்தை வந்திருக்கு. அதுவும் இல்லாத அண்ணன்கிட்ட பேசுறாரு. எங்களுக்கு முன்னாடி பொறந்து தவறுன பிள்ளை யாராச்சும் உண்டான்னு உங்கம்மாகிட்ட கேளு. அந்த மாதிரி நேரத்துல அவங்கதான் கண்ணுக்குத் தெரிவாங்களாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மாதிரி நேரம்? எந்தப் பிள்ளை? நான் அம்மாவிடம் கேட்க, அம்மா "யா அல்லாஹ்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் சிங்கப்பூர் மகன் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தான். பெரியத்தா வீட்டு போனுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்ததால் அது கிடைக்கவே இல்லை. கிடைக்காததால் நிலைமை மோசம் என்று முடிவாகிவிட்டது.

நான் ஓடிப் போனபோது பெரியத்தா வீட்டு வாசலில் செருப்புக் குவியல். உள்ளே உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பை சாத்துக்குடியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியத்தா, கையில் பாதி கடித்த பரோட்டாவோடு திருதிருவென்று விழித்தார்.

"ஏன் எல்லாரும் வந்திருக்காங்க? யாருக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"உங்களுக்குத்தான்னு சொல்றாங்க, பெரியத்தா."

"எனக்கு என்ன?"

"அதத்தான் கேக்குறாங்க."

அப்போதுதான் வாசலில் ஒரு மொபெட் வந்து சுவரில் முட்டி நின்றது. அத்தா! பம்புசெட் சாமான் விற்கும் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, சாமான் வாங்க வந்தவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். காலில் செருப்பில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தது. உள்ளே வந்து அண்ணனைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடம்புக்கு என்னன்னு கேளு" என்றார் அத்தா. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்றார் பெரியத்தா. "அழுவுறாராமான்னு கேளு."

"அழலன்னு சொல்லு" என்று அழுதார் அத்தா.

பெரியம்மாவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் வீடு நிறைய ஆள் வந்திருக்கிறது, மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்பது மட்டும் விளங்கியது. சோறு ஆக்கிச் சஹனில் கொட்டிக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பெரியத்தா உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டார். யாரையும் பார்க்கவில்லை. அத்தா போய், அந்தத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியத்தா நல்ல கறித்துண்டு ஒன்றைத் தம்பி பக்கம் தள்ளிவிட்டார்.

"தின்னச் சொல்லு" என்றார், நான் இருக்கும் திசையில். பிறகு என்ன நினைத்தாரோ, அத்தாவைப் பார்த்து, "தின்னுடா" என்றார்.

எனக்கு வேலை போய்விட்டது. நானும் அழுதேன், எதற்கு என்று தெரியாமல் சாத்துக்குடிக்காரர்களும் அழுதார்கள். கல்யாணத்தன்று பெரியத்தா பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அக்கா சம்மதம் சொன்னாள். 'நம்ம வீடு' குரூப் பாஸ்வேர்டு மறந்து தானாகச் செத்துப்போனது.

இப்போது போனிலேயே குடும்பக் குரூப் இருக்கிறது. போன மாதம் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சின்ன மனஸ்தாபம். பாவம், வெளியூர் மனுஷர், எங்கள் சரித்திரம் தெரியாதவர். எல்லோர் முன்னாலும் கேட்டால் நான் இறங்கி வருவேன் என்று நினைத்து, குரூப்பிலேயே 'என் தப்புதான், மன்னிச்சிரு மெஹர்' என்று போட்டார். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஒரே கேள்விதான் வந்தது: 'மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?'

அவர் போனைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. திறந்தேன். அத்தாவும் பெரியத்தாவும், ஆளுக்கொரு பை சாத்துக்குடியோடு நின்றார்கள்.