அம்மன் வேண்டாமென்ற கார்

பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது சிவப்பு அரளி.

"இதுவும் போச்சுங்களா?" என்று கார் புரோக்கர் அன்பழகன் தலையில் கை வைத்தபடி கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வேப்பமரத்தடியில் அந்த நீலக் கார் ஒரு பாவமும் அறியாமல் நின்றது. முன்கண்ணாடியில் பெரிய குங்குமப் பொட்டு வேறு. அவசரப்பட்டு அன்பழகன் வைத்தது.

கார் வாங்க வந்த சென்னிமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வேண்டாங்கறா. நாம என்ன பண்ண முடியும்? வண்டியக் கொண்டுபோய் இருந்த எடத்துல உட்ரு அன்பு."

"ஏனுங்ணா, இது டாக்டர் ஓட்டுன வண்டிங்க. ஊட்டுலருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிலருந்து ஊடு. அவ்வளவுதான் ஓடியிருக்குது."

"போன வண்டியும் டாக்டர் ஓட்டுனதுன்னுதானப்பா சொன்ன. அதுக்கு முந்துனதும் டாக்டர். சேலத்துல இத்தனை டாக்டருக இருந்தா எங்க தெருவே எதுக்கு இருமிக்கிட்டுக் கெடக்குது?"

சொன்னவர் சிரிக்கவில்லை. சென்னிமலை சிரித்து ஆட்டையாம்பட்டியில் யாரும் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவிலேயே, பக்கத்தில் நிற்பது யார் என்று விசாரிக்கிற முகத்தோடுதான் நிற்பார்.

அந்தப் பக்கத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் மாகாளியம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. இரண்டையும் பூவரச இலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்தால், பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் பேச்சுக்கே இடமில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அது அப்படியே கோயில் கிணற்றுக்குப் போய்விடும். கல்யாணமா, போர் போடுவதா, புதுத் தறி இறக்குவதா, எல்லாவற்றுக்கும் பூதான். கார் வாங்க மட்டும் அம்மன் தனிச் சட்டமா வைத்திருக்கப் போகிறாள்?

விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிற சென்னிமலைக்கு வேறு வழியும் இல்லை. முதல் காரைப் பார்க்கப் போனபோதே பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த எதுவும் தறி மாதிரி இல்லை. மூடச் சொல்லிவிட்டார்.

"புரோக்கர் பொய் சொல்லுவான். மெக்கானிக்கு புரோக்கருக்கு மச்சானா இருப்பான். மீட்டரத் திருப்பலாம். அம்மனத் திருப்ப முடியுமா?" என்று வீட்டில் சொன்னார்.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்றாள் மனைவி தெய்வநாயகி.

அவளுக்குக் காது கேட்காமல் இல்லை. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். ஆறு விசைத்தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் செத்தாலும் தெரியாது. அந்த வீட்டில் சோறு வேண்டுமென்றால் கை ஜாடை, மாத்திரை வேண்டுமென்றால் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவது. இப்படியே காலம் ஓடி, சென்னிமலை பேசுவதையே மறந்துபோன மனிதராகிவிட்டார்.

காலையில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. மகள் ரஞ்சனிக்குச் சூரமங்கலத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. அவளை மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் விட்டு வருவார். ஏறிய நிமிஷத்திலிருந்து இறங்குகிறவரை அவர் தோளுக்குப் பின்னால் அவள் வாய் ஓயாது. ஆபீசில் யார் யாரோடு கோபம், மேனேஜர் டீயில் எத்தனை தடவை பிஸ்கட் விழுந்தது, எல்லாம் வரும். அவரும் "அப்புறம்?" என்பார். சில நாள் அவரே கூட ஏதாவது சொல்வார். அன்றைக்குச் சண்டையில் ஜெயித்தவன் மாதிரி கர்வமாகத் திரும்பி வருவார்.

அந்த மொபெட்தான் போன மழையில் சறுக்கியது. எதிரே டிப்பர் லாரி. லாரிக்காரன் பிரேக்கைப் பிடித்ததால் பிழைத்தார்கள். ரஞ்சனி சுடிதாரில் மண்ணைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, போலாம்" என்றாள். சென்னிமலையால் அன்றைக்குப் பூராவும் தறியில் நூலைக் கோக்க முடியவில்லை. ஒரே பொண்ணு. அன்று சாயங்காலமே அவளை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தார். லைசென்சும் வந்தாயிற்று. இனி நம்பகமான ஒரு பழைய கார் வேண்டும். புதுக்கார் கைக்கு எட்டாது. எட்டினாலும், புதுசாக ஓட்டிப் பழகுகிற பிள்ளைக்கு நாலு இடத்தில் கீறல் விழுந்த வண்டிதான் தோது.

ஆனால் ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் சிவப்புப் பூ வந்தபோது அவர் மனசின் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. கார் வந்துவிட்டால் காலையில் தோளுக்குப் பின்னால் யார் பேசுவார்கள்? அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அப்பனா நான், என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மொபெட்டில், "கண்ணு, இன்னிக்கும் இதுலதான் சாமி. வருத்தமா இருக்குதா?" என்றார்.

"எனக்கென்ன வருத்தம்? அம்மன் சொன்னா சொன்னதுதானப்பா. அத உடுங்க, நேத்து எங்க ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா?"

எத்தனை அடக்கமாக வருத்தத்தை மறைக்கிறது பிள்ளை, என்று சென்னிமலை நினைத்துக்கொண்டார்.

பிரச்சினை மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்தது. செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை சரவணக்குமார். இரண்டாவதாகக் காட்டிய சாம்பல் நிறக் காருக்குச் சொந்தக்காரர். டாக்டர் அல்ல.

"என்ற வண்டிக்கு என்னங்க கொறை?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"கொறைன்னு நான் சொல்லலீங்களே. அம்மா சொன்னா."

"அதாங்க கேக்கறேன்! அம்மன் வேண்டாம்னு சொன்ன வண்டின்னு சேலம் பூராவும் பரவிப்போச்சு. ஒருத்தனும் வெல கேக்க மாட்டேங்கறான். என்ற சம்சாரம் அதுல ஏற மாட்டேங்கறா. ஆட்டோல போறா. எனக்கே இப்ப பிரேக்க மிதிச்சா நெஞ்சு அடிக்குது. நேத்துவரைக்கும் தங்கமா ஓடுன வண்டிங்க அது!"

அன்பழகனும் கூடவே வந்திருந்தான். முகம் செத்துக் கிடந்தது. "ஏனுங்ணா, எனக்கும் யாருமே வண்டி தர மாட்டேங்கறாங்க. உங்க கோயில் வாசல்ல நிறுத்தப் போறேன்னு தெரிஞ்சா சாவிய ஒளிச்சுக்கறாங்க. நாலு காரு கெட்டுப்போச்சு உங்களால."

சென்னிமலை நியாயஸ்தர். அடுத்தவன் பொருளைக் கெடுத்த பாவம் வேண்டாமென்று, சாம்பல் காரைக் கோயிலுக்கு வரவழைத்துப் பரிகாரம் செய்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், திருஷ்டிப் பூசணிக்காய், அம்மனுக்குப் பொங்கல். பிறகு அதே காருக்கு மறுபடியும் பூக் கேட்டார்.

சிவப்பு.

சரவணக்குமார் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சென்னிமலை வீட்டு வாசலில் நிறுத்தினார். சாவியைத் தெய்வநாயகி கையில் கொடுத்தார்.

"ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்ன வண்டிய நான் ஊட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். ஒண்ணு நீங்க வாங்கிக்கங்க. இல்லீன்னா அம்மன சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

காலையில் தறி ஓட்ட வந்தவர்கள் வாசலில் நின்ற காரைப் பார்த்தார்கள். தெரு முக்கிலேயே நின்றுகொண்டார்கள்.

"அத எடுங்க, வாரோம்," என்றார்கள்.

"எடுத்து எங்கப்பா நிறுத்தறது?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தக் கேள்விக்கு முன்னாலேயே கதவைச் சாத்தியிருந்தார்கள். ஆறு தறியும் நின்றது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. கல்யாணமான நாள் முதலாய் முதல் தடவையாகப் புருஷனும் பெண்டாட்டியும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. திண்டாடிப்போய்க் கடைசியில் தெய்வநாயகிதான் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, கேக்காமயே வாங்கியிருந்தா இந்நேரம் வண்டி ஓடிட்டிருக்குமில்லீங்க?"

"கேட்டாச்சே!"

"தறி நின்னா சோத்துக்கு என்ன பண்றது? புள்ளைக்கு காரும் இல்ல, நமக்குப் பொழப்பும் இல்ல."

எல்லாம் தன்னால்தான் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. மனசில் கள்ளத்தை வைத்துக்கொண்டு பூக் கேட்டால் எப்படி வெள்ளை வரும்? அப்பன் வாய் கார் வேண்டுமென்கிறது, மனசு வேண்டாமென்கிறது. அம்மன் வாயையா பார்ப்பாள்?

மகளுக்காக ஒரு பாவம் செய்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தார்.

கோயிலுக்குப் பூக்கட்டுகிறவள் மாரக்காள். பூப்பொட்டலம் கட்டுவதும் அவள்தான். யார் எது சொன்னாலும் "ஆகட்டுங்க" என்கிற மனுஷி. அவள் எதிரே போய் உட்கார்ந்தார். அக்கம் பக்கம் பார்த்தார்.

"மாரக்கா, வெள்ளிக்கிழமை அந்த சாம்பல் காருக்கே கடைசியாப் பூக் கேக்கறேன். ரெண்டு பொட்டணத்துலயும்..." மறுபடியும் சுற்றிப் பார்த்தார். "ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுரு."

மாரக்காள் கை நின்றது. "ரெண்டுலயுமுங்களா?"

"என்ற பாவம் என்னோட போவட்டும். புள்ள அந்த மொபெட்டுல இனிமே உக்காரக் கூடாது. லாரிக்காரன் எல்லா நாளும் பிரேக்கப் புடிப்பானா?"

அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சென்னிமலை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டாள்.

"ஆகட்டுங்க சாமி."

வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. தறிக்காரர்கள் வந்திருந்தார்கள். சரவணக்குமார் சம்சாரத்தோடு ஆட்டோவில் வந்திருந்தார். அன்பழகன் கற்பூரத் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அம்மனை முறைத்துக்கொண்டிருந்தான். ரஞ்சனி அம்மாவின் தோளை ஒட்டித் தலையைக் குனிந்து நின்றாள்.

சென்னிமலை மட்டும் நிம்மதியாக இருந்தார். பாவம் செய்தாயிற்று. வெள்ளை வரும். காரை வாங்கிவிடலாம். தறி ஓடும். நாளைக் காலையில் தன் மகள் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பத்திரமாகத் தனியாகப் போவாள். தான் வாசலில் நின்று பார்க்கலாம். இதை நினைக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பக்தி என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பூசாரி கண்ணை மூடினார். எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

சென்னிமலை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்தால் சிவப்பு எங்கிருந்து வரும்? வெட்டிச் சாய்த்த வாழை போல் அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! தப்புப் பண்ணிப்போட்டேன்!" என்று ஓலமிட்டார். ஊரே அவர் குரலை அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டது. "ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளை வெக்கச் சொன்னது நாந்தான்! உன்னைய ஏமாத்தப் பாத்தேன். வெள்ளையச் செவப்பா மாத்திக் காட்டிப்போட்டியே! ஒவ்வொருக்காவும் செவப்பு வந்தப்ப உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டவன் நான். அதுக்கு என்னையத் தண்டிச்சுக்க. எம்புள்ளைய ஒண்ணும் பண்ணீராத!"

தெய்வநாயகி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பூசாரி கையிலிருந்த பூவை, அது சுடுகிற மாதிரி, தட்டில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். "வெள்ளை செவப்பாயிருச்சா? நேருலயே காட்டிப்போட்டாளா?" என்று சரவணக்குமாரின் சம்சாரம் கன்னத்தில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டாள். வேப்பமரத்தடியில் அன்பழகன் கொண்டுவந்து நிறுத்தியிருந்த தன் காரைச் சரவணக்குமார் திரும்பிப் பார்த்தார். இனி அதை இரும்புக் கடைக்காரனும் வாங்க மாட்டான்.

அன்பழகன் ஒருவனுக்குத்தான் புத்தி வேலை செய்தது. புரோக்கர் இல்லையா? வியாபாரத்தில் எங்கே கை மாறும் என்று அவனுக்குத் தெரியும்.

"மாரக்கா," என்றான் மெதுவாக. "அவரு சொன்னது நெசமா? ரெண்டுலயும் வெள்ளை வெக்கச் சொன்னாரா?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ரஞ்சனி இன்னும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரக்காள் மடியிலிருந்த நாரை உதறிவிட்டு எழுந்து நின்றாள்.

"நெசந்தானுங்க. ஆனா என்ன பண்றது, ரெண்டுலயும் செவப்பே வெக்கோணும்னு மொத காருக்கே அம்மிணி வந்து என்ற கையப் புடிச்சுச் சொல்லிப்போட்டுதுங்களே, 'கார் வந்துட்டா எங்கப்பா எங்கூடப் பேசறதுக்கு வேற எடமே இல்லக்கா'ன்னு."