மடிக்கணினிக்குப் பொருத்தம் பார்த்தவர்

கணினிக் கடைகள் நிறைந்த கட்டடம். மூன்றாம் மாடியில் ஒரு வாரமாக வரிசை. கல்லூரி திறக்கும் பருவம். வரிசையில் மாணவர்கள் குறைவு, பெற்றோர் அதிகம். படிக்கப் போகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் பதற்றம்.

வரிசையின் முனையில் ஒரு கடை. கடைக்குள் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் பொருத்தக்காரர்.

எந்தப் பிள்ளைக்கு எந்த மடிக்கணினி பொருந்தும் என்று சொல்வது அவர் தொழில். அதற்கு அவருக்குக் கணினி தெரிந்திருக்கத் தேவையில்லை. கணினிக்கு அவரைத் தெரியுமாம். சுவரில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

முறை எளிது. எரியும் திரைக்கு முன்னால் பிள்ளை உட்கார்ந்து, விசைகளுக்குக் கீழே உள்ளங்கையை வைக்க வேண்டும். பொருத்தக்காரர் பிறந்த தேதியைக் கேட்பார். கண்ணை மூடுவார். தன் கையைப் பக்கத்தில் வைப்பார். திரை எரிந்துகொண்டே இருந்தால் பொருத்தம். அணைந்தால் இயந்திரம் அந்தப் பிள்ளையை மறுத்துவிட்டது.

மறுத்ததை வாங்கினால்?

"மூணாவது செமஸ்டர் தாண்டாது" என்பார். இயந்திரமா பிள்ளையா என்று சொல்லமாட்டார். பெற்றோர் முகம் வெளுத்துவிடும்.

வரிசையில் ஒரு கதை முன்னும் பின்னும் போய்வந்தது. யாரோ ஒருவர் மகன் பொருத்தம் பார்க்காமல் வாங்கினான். நான்கு பாடத்தில் தோற்றான். அதற்கு முன் எத்தனை பாடத்தில் தோற்றான் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு.

அந்த வரிசையில் ஒரு கணக்கு ஆசிரியர் நின்றார். வகுப்பில் நிரூபணம் இல்லாமல் ஒரு வரியைத் தாண்ட விடமாட்டார். இரண்டு முக்கோணமும் சமம் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்பார். பள்ளி மணி அடித்ததும் அந்தக் கேள்வியைச் சாக்பீசோடு மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்.

உடன் அவர் மகள். கட்டடக்கலை படிக்கப் போகிறாள். இன்று வெள்ளி, வகுப்பு திங்கள். மூன்று வாரம் தேடி அவள் ஒரு மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பதினேழு அங்குலத் திரை. தனி கிராஃபிக்ஸ் கார்டு. முப்பத்திரண்டு ஜிபி மெமரி. மேசைக் கணினி செய்யும் வேலையெல்லாம் செய்யும். கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கனக்கவும் செய்யும். சார்ஜர் ஒரு செங்கல். பாட்டரி இரண்டு மணி நேரம். இதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"தூக்கிட்டு அலையப் போறதில்லப்பா. ஹாஸ்டல் மேசையிலதான் இருக்கும். ஒரு முழுக் கட்டடத்தை வரைஞ்சு, உள்ள நடந்து காட்டணும். அதுக்கு இதுதான் தாங்கும்."

"அவர் சரின்னா வாங்கலாம். வேணாம்னா வேணாம். அதுக்கு மேல பேச்சில்ல."

மூன்றாவதாக நின்றது ஆசிரியரின் தங்கை. தையல்காரி. கடையைப் பூட்டிக்கொண்டு நேராக வந்திருந்தாள். தோள் துணியில் ஐந்தாறு குண்டூசிகள் குத்தியிருந்தன. எடுக்க மறப்பது அவள் தொழிலின் வழக்கம்.

"அண்ணா, படிக்கப்போறது இவ. நடுவுல அந்த ஆளு எதுக்கு?"

"நீ சும்மா இரு. அஞ்சு வருஷ விஷயம்."

"அதனாலதான் கேக்குறேன்."

"நூத்துக்கு நூறு பேருக்குச் சரியா சொல்லியிருக்காராம்."

"தப்பாப் போனவங்க யாரையாவது கேட்டீங்களாப்பா?" என்றாள் மகள்.

"தப்பாப் போனவங்க இங்க எதுக்கு வந்து நிக்கப் போறாங்க?"

அவர் கணக்கு ஆசிரியர் என்பதை மறுபடி நினைவுபடுத்துவது அநாகரிகம்.

அவர்கள் முறை வந்தது. பெரிய இயந்திரத்தை மேசையில் வைத்தார்கள். மகள் உள்ளங்கையை வைத்தாள். பொருத்தக்காரர் தேதி கேட்டார், கண்ணை மூடினார், வலது கையை வைத்தார். நடுவிரலில் கறுப்புக் கல் மோதிரம். சட்டைப் பொத்தான் அளவு கல்.

திரை அணைந்தது.

வரிசை 'ச்சு' கொட்டியது. கையை எடுத்தார், எரிந்தது. வைத்தார், அணைந்தது.

"கனமான இயந்திரம். இளங்கை. ஏத்துக்கல."

கடை முதலாளி அதற்குள் தங்க நிறத்தில் மெல்லியதாக ஒன்றைக் கொண்டுவந்து திறந்து வைத்திருந்தார். போன வருடச் சரக்கு. மூலையில் இன்னும் நாற்பது பெட்டி தூசியோடு இருந்தது. பொருத்தக்காரர் இப்போது இடது கையை வைத்தார். திரை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

"அடடா!" என்றது வரிசை.

"இதுல நாலு ஜிபிதான்" என்றாள் மகள். "கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது. நான் ஒரு வாசப்படி வரையறதுக்குள்ள உயிர விட்டுடும்."

"நம்பிக்கை இருந்தா ஓடும்மா."

"நம்பிக்கை எத்தனை ஜிபி ஐயா?"

வரிசையில் ஒருவர் சிரித்தார். மனைவி திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாய மூடு" என்றார் ஆசிரியர். "ஐயா, சின்னப் பொண்ணு, மன்னிச்சுக்குங்க. தங்கக் கலரையே கட்டிக் குடுத்துடச் சொல்லுங்க."

மகள் பெரிய இயந்திரத்தின் மூடியில் கையை வைத்தாள். கண் கலங்கியது. மூன்று வாரம், ஐந்து வருடம், எல்லாம் ஒரு மோதிரக்கையில் முடிந்துவிட்டது.

தையல்காரி குனிந்து அவள் முதுகைத் தடவினாள். தோளிலிருந்து ஒரு குண்டூசி மேசையில் விழுந்தது. அவள் எடுப்பதற்குள் ஊசி தானாக நகர்ந்தது. ஒரு விரற்கடை தூரம் உருண்டு போய், மேசைமேல் இருந்த பொருத்தக்காரரின் வலது கை மோதிரக் கல்லில் ஒட்டிக்கொண்டது.

இருபது வருடமாகக் குண்டூசியோடு குடும்பம் நடத்துகிறவள். ஊசி எப்போது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஐயா, எங்க ஊசிக்கு உங்க மோதிரம் பொருத்தமாயிடுச்சு."

பொருத்தக்காரர் ஊசியைப் பிடுங்கினார். "சக்தி உள்ள கல்லும்மா. எல்லாத்தையும் இழுக்கும்."

"எல்லாத்தையுமா?" பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொத்தானை எடுத்து மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பொத்தான் அசையாமல் கிடந்தது. இன்னொரு ஊசியை வைத்தாள். பாய்ந்து ஒட்டியது.

"சக்திக்கு இரும்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது போல. சரி, தங்கக் கலர்லயும் அந்த வலது கைய ஒருதரம் வைங்க."

"அப்படி வைக்கக் கூடாது. வலது கை கேள்விக்கு. இடது கை பதிலுக்கு."

"ஒரு நிமிஷம்" என்றார் ஆசிரியர். நெற்றி சுருங்கியிருந்தது. "ரெண்டையும் ஒப்பிடணும்னா ரெண்டுக்கும் ஒரே கைதானே இருக்கணும்? இதுக்கு ஏன் இடது?"

பள்ளிக்கூட மேசையில் விட்டுவந்த கேள்வி, மூன்று மாடி ஏறி வந்து சேர்ந்திருந்தது.

தையல்காரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையில் துணி சுற்றிய வட்டக் காந்தம் இருந்தது. தினமும் கடையைப் பூட்டுமுன் தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்குவது அதை வைத்துத்தான். அதைத் தங்க நிறத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தினாள். இடப்பக்கம் ஒன்றுமில்லை. வலப்பக்க மூலைக்கு வந்ததும் திரை அணைந்தது. எடுத்தாள், எரிந்தது.

"இப்ப இதுமேல யாரோட கையும் இல்ல. யார மறுக்குது?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு முதலில் வந்தது, பேச்சு பிறகு.

"அத்தை, மூடியில சின்னக் காந்தம் இருக்கும். மூடினா அது கீழ வந்து உக்காரும். மூடிட்டாங்கன்னு நெனச்சு இயந்திரம் திரைய அணைச்சுடும். இவர் மூடாமலே மூடியிருக்கார்."

"எங்க கண்ணையும் அப்படித்தான் மூடிட்டார்" என்றார் இருமிய மனிதர். இந்த முறை மனைவியும் இருமினார்.

"மோதிரத்தக் கழட்டிட்டுப் பெருசுல கைய வைங்க" என்றார் ஆசிரியர்.

"மோதிரம் கழட்டக் கூடாது."

"கூடாதா, முடியாதா?"

வரிசை இப்போது வரிசையாக இல்லை. மேசையைச் சுற்றி நின்றது. பொருத்தக்காரர் மோதிரத்தைக் கழற்றி மேசையின் ஓரத்தில் வைத்தார். பெரிய இயந்திரத்தின் மேல் வலது கையை வைத்தார். திரை எரிந்தது. அழுத்தினார். இரண்டு கையையும் வைத்தார். கண்ணை இறுக மூடினார். திரையில் ஒரு மலையும் ஏரியும் நிம்மதியாக இருந்தன.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றார் முதலாளி. "இந்த ஆளு வந்து மேசை கேட்டான், குடுத்தேன்." ஒரு வாரமாக 'ஐயா'வாக இருந்தவர், ஒரே மூச்சில் 'இந்த ஆளு' ஆனார்.

பொருத்தக்காரர் மோதிரத்துக்குக் கை நீட்டினார். அது அதற்குள் ஓரத்திலிருந்து நழுவி மேசையின் இரும்புக் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார், வரவில்லை. பொருத்தம் அப்படி. நகம் கொடுத்துப் பெயர்க்க நேரமும் இல்லை. விட்டுவிட்டுப் படியிறங்கினார். மூன்று மாடியையும் அவ்வளவு வேகமாக யாரும் இறங்கியதில்லை.

ஆசிரியர் பெரிய இயந்திரத்தை வாங்கினார். பெட்டியைத் தானே தூக்கினார். இரண்டு படி இறங்கி நின்றார்.

"ரொம்பத்தான் கனக்குது."

"நான் சொன்னேன்லப்பா."

"சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். அடுத்த படியில் கால் வைத்தார்.

பின்னாலிருந்து ஓர் அம்மாள் ஓடிவந்து தையல்காரியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உங்களது நல்ல காந்தம். எங்க பையன் லேப்டாப்பையும் ஒருதரம் பாத்துச் சொல்லிடுங்களேன்."

அவளுக்குப் பின்னால் ஏற்கெனவே ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

"உங்க பையன் என்ன படிக்கப் போறான்?"

அம்மாள் யோசித்தாள். "அது… அவனத்தான் கேக்கணும்."

"அப்ப அவனயே கேளுங்க" என்றாள் தையல்காரி. காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் போட்டாள்.

காந்தத்தை எடுத்துவிட்டால் இயந்திரம் உடனே விழித்துக்கொள்ளும். மனிதருக்கு அந்த வசதி இல்லை. எத்தனை காந்தத்தை எடுத்தாலும், மூடியைத் தானேதான் திறக்க வேண்டும்.