வரைபடத்தில் ஒரு புது ஏரி

காப்பி கவிழ்ந்தது வரைபடத்தின் தெற்கு மூலையில், சரியாகத் தோரா மாபினின் மேய்ச்சல் நிலத்தின் நடுவில்.

லோவெல் கோப்பையை நிமிர்த்தினான். ஆவணக் காப்பகத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்தே ஒரு மாதம் ஆகவில்லை. தோராவோ, வேலியைத் தாண்டி அளக்க வந்த சர்வேயரைத் துப்பாக்கியோடு துரத்தியவள். வரைபடத்தில் அவள் நிலத்துக்கும் கிரீலியின் நிலத்துக்கும் நடுவில் ஒரு வறண்ட ஏரி. அது யாருடையது என்று அவள் அப்பா காலத்திலிருந்து வழக்கு. ஒரே சாட்சி இந்தப் பழைய வரைபடம்தான். அதை வாங்கிப்போகத்தான் வந்துகொண்டிருந்தாள்.

துணியால் ஒற்றினான். கறை இரண்டு மடங்காயிற்று.

"அய்யோ, பெருசாவுதே!"

கூட்டிக்கொண்டிருந்த ஓபல் கிழவி நிமிர்ந்தாள். "என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லம்மா."

ஹீட்டருக்கு மேலே பிடித்தான். ஈரம் போயிற்று, ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் நின்றுவிட்டது.

வாசலில் தோராவின் பிக்கப் வண்டி வந்து நின்றது. லோவெல் பேனாவை எடுத்தான். கறைக்குப் பக்கத்திலிருந்த வழக்கு ஏரியைப் பார்த்தான். வளைந்த ஓரம், உள்ளே புள்ளிகள். அதே மாதிரி இங்கேயும் மையால் புள்ளி வைத்தான். தண்ணீரே வராத ஏரிகள் இந்தப் பக்கம் எத்தனையோ. இன்னொன்று இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

தோரா கேட்டாள்.

"இது என்னடா?"

"ஏ... ஏரிங்க. வறண்ட ஏரி."

"என் நிலத்துலயா? பொறந்ததுலேருந்து அங்கதான் மாடு மேய்க்கிறேன். எனக்குத் தெரியாம ஒரு ஏரியா?"

"சில வருஷம் கண்ணுக்குத் தெரியாதுங்க."

அவள் விரலால் தேய்த்தாள். விரல் கறுப்பாயிற்று.

"மை இன்னும் காயலியே! என் நிலத்தையும் பிடுங்க கிரீலி எவ்வளவுடா குடுத்தான்?"

லோவெல் பயத்தில் மேசைக்குப் பின்னால் ஒடுங்கினான். "சத்தியமா காப்பிங்க! கை தவறிடுச்சு. உங்களுக்குப் பயந்துதான் ஏரியா மாத்திட்டேன்!"

"காப்பி ஏரியாகுமா? யார் காதுல பூ சுத்துற?"

ஓபல் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

"அவனை விடு தோரா. இதே நாற்காலியில இருந்த என் மாமனாரும் இப்படித்தான் சமாளிச்சாரு. நீங்க ரெண்டு குடும்பமும் கோர்ட்டுல அடிச்சுக்கிறீங்களே ஒரு ஏரி, அது அவர் சிந்தின காப்பி."