மேடுபள்ளத்தின் சைக்கிள்

எந்த ஊருக்கும் நேர் வழியில் போகாத மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் மேடுபள்ளம்தான். மஞ்சக்குப்பத்திலிருந்து கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனுக்குப் போக வேண்டுமென்றால் நீங்களும் நானும் பேசாமல் தெற்கே போகிற பெரிய ரோட்டைப் பிடிப்போம். அவர் மேற்கே கிளம்பி, கேப்பர் மலை ஏறி, முந்திரித் தோப்புகளுக்குள் புகுந்து புறப்பட்டு, பசி மயக்கத்தோடு ஓ.டி. வந்து சேருவார். கேட்டால், "மெயின் ரோட்ல லாரி ஜாஸ்தி தம்பி. அதுவுமில்லாம, பாக்கறதுக்கு அங்க இன்னா இருக்குது?" என்பார்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாக்கள். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுக்கிறவரைத் தவிர யாரும் அதை உபயோகித்ததில்லை. "நாளைக்குப் பண்ருட்டி போறேன்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "எந்த வழியாப் போறீங்க? மேடு பள்ளம்லாம் பாத்தீங்களா?" பஸ்ஸில் போகிறேன் என்று சொன்னால், உங்கள் வீட்டில் துக்கம் நடந்துவிட்டதுபோலப் பார்ப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் சீமையில் மேடு என்று சொல்லிக்கொள்ளக் கேப்பர் மலையை விட்டால் வேறு நாதி கிடையாது. அதையும் ஒரு மரியாதைக்காகத்தான் மலை என்று சொல்லிவந்தோம். அங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் பூமி தோசைக்கல் மாதிரி கிடக்கும். அந்தத் தோசைக்கல்லில் மலைப்பாதை தேடிய ஒரே ஆத்மா இவர்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு இருக்கும். சந்தேகம் வந்தால் நடு ரோட்டில் அதை வைத்துவிட்டு, எந்தப் பக்கம் உருளுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். தேவனாம்பட்டினம் ரோட்டில் ஒருநாள் இப்படி உட்கார்ந்திருந்தபோது பின்னால் பஸ் வந்து நின்றுவிட்டது.

"யோவ், இன்னாய்யா தொலைச்சிட்டே?" என்றார் கண்டக்டர்.

"ஒண்ணும் தொலைக்கலைங்க. ரோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறேன்."

"ரோடு நேராத்தான்யா கெடக்குது. நீதான் சாஞ்சிட்டே. எழுந்திரு!"

அவருடைய சைக்கிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். அதற்கு இரண்டு மணிகள், ஒன்று ரிப்பேரானால் இன்னொன்று. பின்னால் வருகிற வண்டி தெரிய ஹாண்டில்பாரில் முகம் பார்க்கும் கண்ணாடி. பின் காரியரில் மூங்கில் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணி. சீட்டுக்கடியில் தொங்கும் பையில் டிங்சர், பஞ்சு, வழியில் குரைக்கும் நாய்களைச் சமாதானம் செய்யப் பொறை ரொட்டி. பிரேக்கைத் தொட்டால் போதும், வண்டி ஆணி அடித்ததுபோல் நிற்கும். அதைத் துடைக்கவே தனியாக ஒரு துண்டு வைத்திருந்தார். இவ்வளவும் போதாதென்று, வாய்க்கால்மேல் மதகுப் பாலம் வந்தால் இறங்கி, மறுபக்கம் வரை தள்ளிக்கொண்டுதான் போவார். கைப்பிடிச் சுவர் குட்டையாம், தவறி விழுந்தால் தடுக்காதாம். அந்தச் சைக்கிளை யாராவது தொட்டால் ஒரு வாரம் பேச மாட்டார். பலர் அதற்காகவே தொடுவார்கள்.

ஓர் ஆனி மாதம் அவர் பேச்சை நம்பி, ஆபீஸே சிதம்பரத்துக்குத் தேர் பார்க்கச் சைக்கிளில் கிளம்பியது. நிழலான பாதை, நாய் இல்லாத பாதை, பெருமாள் ஏரிக்கரையில் நாரை பார்க்கும் பாதை என்று எங்களை இழுத்தடித்தார். நாங்கள் கீழவீதிக்குள் நுழைந்தபோது தேர் நிலைக்கு வந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டிருந்தார்கள். ஹெட் கிளார்க் கொதித்தார்.

"தேர் அடுத்த வருஷமும் ஓடும் சார்," என்றார் மேடுபள்ளம். "அந்த நாரைக் கூட்டம் வருமா?"

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

புவனகிரியில் ஒரு நெல் வியாபாரியின் மகள். சிதம்பரத்தில், வளையல் கடையில், விலை சொன்ன கடைக்காரனை அவள் ஒரு பார்வை பார்த்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் தேவையாக இருக்கவில்லை. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனால் பெண்ணின் அப்பா கறாரான ஆள். "ஞாயித்துக்கெழமை ராகு காலத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை வந்து சேரணும். இல்லேன்னா விருத்தாசலத்து வரன் ரெடியா இருக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சிதம்பரத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் மாட்டு வண்டியில் ஆற்றைத் தாண்டி வருவதாக ஏற்பாடு. நான் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம் என்றிருந்தேன். பார்த்துப் பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமையில் பஸ்காரர்கள் ஸ்டிரைக்.

நான் சைக்கிளை எடுக்கப் போகிறேன் என்று மேடுபள்ளத்துக்கு யார் சொன்னார்களோ, விடியும்போதே வாசலில் மணி அடித்தது. இரண்டு மணியும் அடித்தது.

"சார், நேர் ரோட்ல புதுச்சத்திரம் வழியாப் போயிடறேனே," என்று கெஞ்சினேன்.

"பொண்ணு பாக்கப் போறவரு லாரிப் புழுதில குளிச்சிட்டா போறது? குறிஞ்சிப்பாடி வழியாப் போறோம். அப்பறம் மருதூர்ப் பக்கம் ஒரு ரோடு. அதுல லாரியே கெடையாது தம்பி. அப்பப்ப ஒரு பஸ்ஸு போவும், அதுவும் இன்னிக்கி இல்ல. ராஜபாட்டை!"

முதலில் கேப்பர் மலை. இறங்கி நின்று காட்சி பார்க்கச் சொன்னார், பார்த்தேன். மதகுதோறும் இறங்கினோம். என் சைக்கிளுக்குப் பிரேக்கும் கிடையாது, மட்கார்டும் கிடையாது என்பதை வழி முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நாய்களுக்குப் பொறை போட்டோம். இருந்தாலும் மருதூர் தாண்டியபோது பொழுது மிச்சமிருந்தது. எனக்கே அவர்மேல் கொஞ்சம் மதிப்பு வரப் பார்த்தது.

அப்போதுதான் ரோடு காணாமல் போனது.

கண்ணுக்கெட்டிய வரை தார் ரோட்டின்மேல் உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். மேடுபள்ளம் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தது கார்த்திகை மாதத்தில். சரிவு பார்த்தார், நிழல் பார்த்தார், நாய் பார்த்தார், பங்குனியை மட்டும் பார்க்கவில்லை. பங்குனியில் அந்தப் பக்கத்து ரோடெல்லாம் களம். போகிற வருகிற பஸ்ஸின் சக்கரம் ஏறித்தான் உளுந்து உதிர வேண்டும். அன்றைக்குப் பஸ்ஸே இல்லை. ஓரத்தில் ஒரு குடும்பம், தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. எங்கள் இரண்டு சைக்கிளையும் பார்த்ததும் ஓர் அம்மாள் துள்ளி எழுந்தாள்.

"வாங்க சாமி வாங்க! காலைலேர்ந்து ஒரு சக்கரம் வரல. காஞ்சு கெடக்குது. நல்லா ஏறி மிதிச்சிட்டுப் போங்க!"

"சைக்கிள் மிதிச்சா உளுந்து உதிருமாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கு இது தேவலை. அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு, இப்பிடியே திரும்பி வாங்க."

மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. அவர்கள் கையில் செடியைப் புரட்டும் கவைக்கோல் இருந்தது. ஒரு தரம் போய்த் திரும்பியிருப்போம், என் சைக்கிள் செயினில் உளுந்துக் கொடி சுற்றிச் சுற்றி, சக்கரம் அசைய மறுத்துவிட்டது. நான் உட்கார்ந்து பிய்க்கப் பிய்க்க அது இன்னும் இறுகியது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. விருத்தாசலத்துக்காரன் தாம்பூலத் தட்டோடு என் கண்முன் நின்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களாலதான் சார்! எல்லாம் உங்களாலதான்!" என்று நடு ரோட்டில் கத்தினேன்.

மேடுபள்ளம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி."

"சார், உங்க வண்டி..."

"இனிமே எங்கயும் வளையாதீங்க. நேராப் போங்க." அப்புறம் அந்த அம்மாளைப் பார்த்து, "இவுரு பொண்ணு பாக்கப் போறாரும்மா, விட்ருங்க. இந்த வண்டியைச் சரி பண்ணி நான் ஓட்டறேன்," என்றார்.

நேராப் போங்க என்று அவர் வாயிலிருந்து வந்து கேட்ட ஒரே ஆள் உலகத்தில் நான்தான் என்று நினைக்கிறேன். மிதித்தேன். மதகு வந்தது, இறங்கவில்லை. நாய் துரத்தியது, பொறை போடவில்லை. ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், தலையெல்லாம் உளுந்து நெற்றாக, பெண் வீட்டு வாசலில் போய் நின்றேன். என் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்ணின் அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. சைக்கிளைத்தான் பார்த்தார். இரண்டு மணி, கண்ணாடி, சிவப்புத் துணி எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து டிங்சர் பையைத் திறந்து மோந்துகூடப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வண்டிங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, "ஆமாங்க. சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்டித்தான்," என்றாள்.

"ஒரு சைக்கிளையே இந்த மாதிரி காபந்து பண்றவரு, எம்பொண்ணை எப்டி வச்சிக்குவாரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். தாம்பூலம் வந்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பும் கேட்டது.

இருட்டுகிற நேரத்தில் மேடுபள்ளம் வந்து சேர்ந்தார். என் சைக்கிளில், உளுந்துத் தூசியில் கண் மட்டும் தெரிய, பிரேக் இல்லாததால் காலைத் தரையில் தேய்த்து, வைக்கோல் போரில் முட்டி நின்றார். என் வருங்கால மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க இவுரு?"

"எங்க ஆபீஸ்லதான்..."

"இன்னாய்யா வண்டி இது? பிரேக்கே இல்ல. மாப்பிள்ளை வண்டியைப் பாத்துக் கத்துக்கக் கூடாதா?"

மேடுபள்ளம் திண்டாடுவார், உண்மை வெளியே வந்துவிடும், என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் தன் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டிலிருந்த தாம்பூலத்தையும் பார்த்தார். ஒரு மதகில்கூடச் சைக்கிளில் ஏறிப் போகாத அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"நான் கொஞ்சம் அஜாக்கிரதையான ஆளுங்க."

திரும்பி வரும்போது, "மதகுல எறங்கினீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்காக ஒரு வாரம் என்னுடன் பேசவில்லை.

அவர் போய் வெகு காலமாகிறது. புவனகிரிக்குக் காரில் போகும்போதெல்லாம், அன்றைக்கு நான் இறங்காமல் போன அந்த மதகு வந்ததும் நானும் என் மனைவியும் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, மறுபக்கம் வரை நடந்து போகிறோம். டிரைவர் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும்.