பானை ஒன்று, முயல் ஒன்று

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் நடு மகன் ஜெபஸ்டின். போன ஈஸ்டருக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். அங்கே திங்கட்கிழமைதோறும் கூட்டமாக ஓடி, ஓடி முடித்ததும் கூட்டமாகக் குடிக்கிற ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறானாம். எண்பது வருசத்துக்கு மேல் பழசாம், உலகம் பூராவும் கிளை இருக்கிறதாம். "ஓடுறது சரி, குடிக்கிறது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னான். அவன் சொன்னது பாதிதான். மீதியைக் கர்த்தர் கொடுத்த அறிவில் நான் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தின் கடைசி வேலியைத் தாண்டினதும் வருகிற காட்டில், நேசம் என்று ஒரு முயல் இருந்தாள். நான்கு குட்டிகளுக்குத் தாய். கோரைப்புல்லுக்குள் வீடு. வீடு என்றால் ஒரு முயல் படுத்து எழுந்த பள்ளம்தான். ஆனாலும் காலையில் அதைச் சுத்தம் பண்ணி, ஒரு ஜெபமும் சொல்லாமல் அவள் வாயில் புல் வைக்க மாட்டாள்.

அதே காட்டில் ஏழு செந்நாய்கள் இருந்தார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோட்டத்துக் கல்யாண வீடுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து எச்சில் இலையில் கிடக்கிற பிரியாணியைத் தின்று தீர்ப்பார்கள். திங்கட்கிழமை வயிற்றைத் தூக்க முடியாமல் கிடப்பார்கள். சாயங்காலம் ஆனதும் தலைவர் தவசி எழுந்து உடம்பை உதறுவார். "எந்திரிங்கல. ரெண்டு சுத்து ஓடினாத்தான் இது இறங்கும்" என்பார். சும்மா ஓடினால் பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்று நேசத்தைத் துரத்துவார்கள்.

திங்கட்கிழமை வந்தால் நேசம் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிக் கொடுத்து, "அம்மா வந்திருவேன், சத்தம் போடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு எதிர்த்திசையில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து ஓட ஆரம்பிப்பாள். அப்போதுதான் அவர்கள் கோரைப்புல் பக்கம் வராமல் இருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை பின்னங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு தென்னை மரத்தடியில் மாட்டிக்கொண்டாள். முதலில் வந்து நின்றவன் சூசை. இளவட்டம், நல்ல மூக்கு, நல்ல கால். அவனுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். தவசி வரவில்லை. தலைவர் வாய் வைக்காமல் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பது செந்நாய்களின் முறை. சுற்றி உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"அண்ணாச்சி வந்து சேர்றதுக்குள்ள முயலு கிழவியாயிரும்" என்றான் சூசை. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு வழியாகத் தவசி வந்தார். சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்குவதை மறைக்க மரத்தை முகர்வது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்கள் கவனிக்கவில்லை. நேசம் கவனித்தாள். சாகப் போகிறவளுக்குக் கண் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

"அண்ணாச்சி," என்றாள், "உங்களை விட்டுட்டு இவங்க எதுக்கு இவ்வளவு வேகமா ஓடுதாங்க?"

தவசி திரும்பினார். "என்ன சொல்லுத, பிள்ள?"

"இனிமே நான் முன்னாடி போயி மாவைத் தூவி வழி போடுதேன். நீங்க என்னை விட்டுட்டு மாவைப் பாத்து வாங்க. நடுவுல அங்கங்க மூணு பக்கமும் மாவு போட்டு வைப்பேன். ஒரு பக்கந்தான் நெசம். முன்னால ஓடுறவன் பொய் வழியில போயி முழிச்சிட்டுத் திரும்பி வருவான். அதுக்குள்ள பின்னால வாறவங்க வந்து சேந்திருவாங்க. எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேரலாம்."

"எல்லாரும் ஒண்ணாவா?"

"நீங்க நடந்து வந்தாக்கூட."

தவசிக்கு அந்தத் திட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. சூசைக்குத் தெரிந்தது. "போய்ச் சேந்தா அங்க என்ன இருக்கு?" என்றான்.

அப்போது மரத்து உச்சியில் விக்கல் சத்தம் கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோசம்மா என்கிற மரநாய் கள்ளுப் பானைக்குள் தலையை விட்டுக் குடித்துவிட்டு, பானையைக் கட்டிப்பிடித்தபடி கண் சொருகி இருந்தாள்.

"அது இருக்கு" என்றாள் நேசம். ஆண்டவரே, என் குட்டிகளுக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தோட்டத்துப் புட்டுக்கடையில் சிந்துகிற அரிசி மாவு நேசம் பொறுப்பு, பானை ரோசம்மா பொறுப்பு என்று ஆயிற்று. இரண்டே மாதத்தில் காட்டில் அவர்களைப் பற்றித்தான் பேச்சு. ஓடி முடித்ததும் பானையைச் சுற்றி வட்டமாக நிற்பார்கள். குற்றம் செய்தவர்கள் நடுவில் வந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். முதலில் வந்தால் குற்றம். கடைசியில் வந்தாலும் குற்றம். நடுவில் வந்தவன் ஒரு குற்றமும் செய்யாத குற்றத்துக்காகக் குடித்தான். சூசை ஒருநாள் மேனேஜர் வீட்டு வராந்தாவில் காயப் போட்டிருந்த வெள்ளை ஷூவை முன்னங்கால்களில் மாட்டிக்கொண்டு வந்தான். புது ஷூ போட்டது பெரிய குற்றம் என்று தவசி தீர்ப்புச் சொல்லி, அந்த ஷூவிலேயே ஊற்றிக் குடிக்க வைத்தார். குடித்து முடித்ததும் எல்லாரும் பாடினார்கள். என்ன பாட்டு என்று நான் கேட்டதற்கு ஜெபஸ்டின் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான்.

நேசம் வட்டத்துக்கு வெளியே நின்றாள். அவளுக்குச் சிரட்டை கிடையாது. அவளுக்கு அது வேண்டியதும் இல்லை. குடித்த செந்நாய்க்கு முயல் ஞாபகம் வராது. அது போதும்.

இப்படி இருக்கும்போது ஒரு புது உத்தரவு வந்தது. ஆறு பேருக்கு மேல் சேர்ந்து ஓடினால் பதிவு பண்ணிய சங்கமாக இருக்க வேண்டும். பதிவு அலுவலர் ஒரு உடும்பு. கரையான் புற்றுக்குள் அலுவலகம். வரிசை புற்றைச் சுற்றி மூன்று சுற்று நின்றது. செந்நாய்களுக்கு எழுத வராது. ஆகவே நேசத்தையும் கூட்டிப் போனார்கள். அவள் மென்று தின்கிற காகிதத்தை முதலில் படித்துப் பார்த்துத் தின்கிறவள்.

"நோக்கம் என்ன?" என்று உடும்பு கேட்டார்.

"ஓடுறது, குடிக்கிறது" என்றார் தவசி.

"ஒரு வரிதான் இடம் இருக்கு."

தவசி யோசித்தார். "உடல் நலம்னு போடுங்க."

"குடிக்கிறது?"

"அது மன நலம். ரெண்டையும் சேத்து நலம்னு போட்டிருங்க ஐயா."

உறுப்பினர் ஏழு பேர். தலைவர் தவசி. செயலாளர் என்ற இடத்தைக் காலியாக விட்டார்கள், வேலை இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைசியில் சொத்து விவரம்.

"பானை ஒண்ணு. சிரட்டை ஏழு" என்றார் தவசி.

"முயலு ஒண்ணு" என்றான் சூசை.

எழுதிக்கொண்டிருந்த நேசத்தின் கை நின்றது. "அண்ணாச்சி, என்னை உறுப்பினர்ல எழுதக் கூடாதா?"

தவசி காதைச் சொறிந்தார். அவர் கெட்டவர் இல்லை. "எழுதலாம் பிள்ள. ஆனா உறுப்பினரை உறுப்பினர் திங்கக் கூடாதுன்னு நாலாவது விதியில இருக்காம். நாளைக்கு ஒரு அவசரம்னா என்ன செய்ய?"

நேசம் தன் கையாலேயே எழுதினாள்: முயல், ஒன்று. உடும்பு முத்திரை குத்துவதற்குச் சாப்பாட்டு நேரம் குறுக்கே வந்தது. காத்திருந்த நேரத்தில் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். பொடி எழுத்து. அந்தக் காட்டில் அதை அதுவரை யாரும் படித்ததில்லை.

மழை விட்ட மறு திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வீட்டிலிருந்து புறப்பட்டு, ஓடத் தொடங்குகிற இடத்தில் ஆரம்பித்து, தென்னை வரைக்கும் மாவு தூவிவிட்டுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் இறங்கியது. யாரும் வரவில்லை. கொஞ்ச தூரம் திரும்பி நடந்து பார்த்தாள். அரிசி மாவைத் தூவினால் என்ன ஆகும் என்று கோலம் போடுகிற எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். மழைக்குப் பட்டினி கிடந்த எறும்புகள் காட்டு வழியெல்லாம் வரிசையாக, ஆளுக்கு ஒரு வெள்ளைப் பொட்டைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தன. அவள் போட்ட வழி எறும்புப் புற்றுக்குள் போயிருந்தது.

மாவு இல்லையென்றால் செந்நாய்கள் எதை முகர்வார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆரம்பித்த இடத்தில் அவள் வாசம்தான் இருக்கும். அந்த வாசம் வீட்டிலிருந்து வந்த வாசம்.

அன்றைக்கு ஓடினது மாதிரி அவள் முன்னேயும் ஓடியதில்லை, பின்னேயும் ஓடியதில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது கோரைப்புல்லைச் சுற்றி ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தவசி இன்னும் வரவில்லை. புல்லுக்கு நடுவில் எட்டுக் காதுகள் நடுங்கின. நேசம் பாய்ந்து குட்டிகளுக்கு முன்னால் நின்றாள்.

"மாவு எங்க?" என்றான் சூசை.

"எறும்பு தின்னுட்டு."

"அப்ப நாங்க எதைத் திங்க?"

"அங்க பானை இருக்கு தம்பி. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வழி முடியற எடத்துலதான் வட்டம். எங்களுக்கு வழி இங்கதான் முடிஞ்சிருக்கு." அவன் குட்டிகளை எட்டிப் பார்த்தான். "இதுகளும் சங்கத்துக்குத்தான். சொத்துக்குப் பொறந்தது சொத்துதானே."

ஒருவன் தலையாட்டினான். இன்னொருவன் உதட்டை நக்கினான். தூரத்தில் தவசி இருமுகிற சத்தம் கேட்டது. அவர் வந்து சேர்ந்துவிட்டால் வாய் வைத்துவிடுவார்கள். ஆண்டவரே, ஒரு வார்த்தை கொடும் என்று நேசம் வேண்டினாள். வார்த்தை வந்தது. வேதத்திலிருந்து வரவில்லை, படிவத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தது.

"சூசை தம்பி, உங்களுக்குத் தலைவராகணும்னு ஆசை இருக்குல்லா?"

மற்ற ஐந்து பேரும் சூசையைப் பார்த்தார்கள்.

"யாரு சொன்னா?"

"எப்பவும் முன்னாலயே ஓடுதீங்களே."

சூசை இருமல் வந்த திசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாச்சி இருக்க வரைக்கும் இங்க நடக்காது."

"இங்க எதுக்கு? பின்பக்கம், ஒன்பதாவது விதி. பக்கத்துக் காட்டுல கிளை தொடங்கலாம். கிளைக்குத் தனித் தலைவர். தனிப் பானை."

சூசையின் காது நிமிர்ந்தது. "அதுக்கு என்ன வேணும்?"

"தாய்ச் சங்கத்துச் செயலாளர் கையெழுத்து."

"செயலாளர்தான் கிடையாதே."

"எழுதத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஆகலாம்."

"நீ ஆயிரு."

"எப்படி தம்பி? நான் சொத்துல்லா. பானை கையெழுத்துப் போட்டா உடும்பு ஐயா ஒத்துக்குவாரா?"

சூசை குட்டிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றும் இரண்டு வாய்க்குத்தான் வரும். பிறகு பக்கத்துக் காடு இருக்கிற பக்கம் பார்த்தான். அது கண்ணுக்கு எட்டிய மட்டும் இருந்தது.

"எனக்கு?" என்றான் உதட்டை நக்கியவன். "எனக்குக் கிளை கிடையாதா?"

"கிழக்குக் காடு இருக்கு" என்றாள் நேசம்.

"கிழக்கு எனக்குல" என்றான் தலையாட்டியவன். "நீ ஆத்துக்கு அந்தப் பக்கம் போ."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் உன் மாமனா இருக்கான்? நீ போ."

தவசி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஆறு பேரும் மண்ணில் கோடு கிழித்து உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். "என்னல, வட்டம் கூடியாச்சா?" என்றார்.

"செயலாளர் தேர்தல் அண்ணாச்சி" என்றான் சூசை. "நேசம் அக்காவை ஒருமனதாப் போட்டாச்சு."

அக்கா என்று அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. விஷயத்தைக் கேட்டதும் தவசியும் மறுக்கவில்லை. சூசை வேறு காட்டுக்குப் போகிறான் என்றால் அவர் நரியைக்கூடச் செயலாளராகப் போட்டிருப்பார்.

மறுநாள் புற்று வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றது சூசைதான். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது என்று உடும்பு திருப்பி அனுப்பியும், புதுப் படிவம் வாங்கி வந்து நேசத்தின் முன்னால் வைத்தான். அதில் சொத்து விவரம்: பானை ஒன்று, சிரட்டை ஏழு. உறுப்பினர் எண்ணிக்கை: பன்னிரண்டு. அதில் நான்கு பேருக்கு இன்னும் ஓடுகிற வயசு ஆகவில்லை என்பதை உடும்பு கேட்கவில்லை, படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

ஒரே மாதத்தில் ஆறு பேரும் ஆறு காட்டுக்குத் தலைவராகப் போனார்கள். அங்கங்கே நரி, காட்டுப்பூனை என்று ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவர்களுக்கும் தலைவராக ஆசை வந்தது, அவர்கள் அதற்கடுத்த காட்டுக்குப் போனார்கள். அப்படியே கப்பல் ஏறி, கடல் தாண்டி, ஓடிக் குடிக்கிற சங்கம் உலகம் பூராவும் பரவியது. தவசி மட்டும் மீதி. திங்கட்கிழமை சாயங்காலம் அவர் நடந்தே தென்னைக்குப் போய், தானே முதலில் வந்து, தானே கடைசியிலும் வந்து, இரண்டு சிரட்டை குடித்துவிட்டு ரோசம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். நேசத்தின் குட்டிகள் அவர் வால்மேல் ஏறி விளையாடின.

அந்த ஆறு காடுகளிலும் அதுவரை ஒரு செந்நாய்கூடக் கிடையாது. அங்கே இருந்த முயல்கள் திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அதை நினைத்து நேசத்துக்குச் சில நாள் தூக்கம் வரவில்லை. ஆறு பேரும் புறப்படுவதற்கு முன்னால் ஒருநாள் எழுந்து, சங்கத்து முத்திரையை வைத்து, ஆறு காட்டுக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதினாள்:

"அன்புள்ள முயல்களுக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துக்கள். வருகிற திங்கட்கிழமை முதல் உங்கள் காட்டில் நமது கிளை தொடங்குகிறது. மாவும் பானையும் தயாராக வைத்துக்கொள்ளவும். இப்படிக்கு, நேசம், செயலாளர்."

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனுக்குப் பதவி கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பிவிடு, அடுத்த ஊருக்காக ஜெபம் பண்ணிக்கொள்ளலாம்.

உங்கள் பிள்ளைகளும் தூர தேசத்தில் இப்படி எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.