மல்கோவா ஏறிய டகோட்டா

எல்லாம் தெரியும் என்று சொல்கிறவனை நம்பி எதை வேண்டுமானாலும் கொடுங்கள், மாம்பழக் கூடையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துக் கெட்டவர் என் தாய்மாமன்.

அறுபதுகளின் கடைசியில் நான் ஓசூரில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தேன். (பார்த்தது பெரும்பாலும் வானத்தைத்தான்.) பெங்களூருக்குப் போகும் விமானங்கள் தலைக்கு மேலே கடக்கும். பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய ஆங்கிலப் பத்திரிகைகளை வைத்து டகோட்டா விமானத்தின் ஜாதகத்தையே மனப்பாடம் செய்திருந்தேன். ஒரே டகோட்டாவுக்குத்தான் எத்தனை பிறவி! பட்டாளத்தாரைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்தது ஒன்று, ஜீப்பே நுழையும்படி அகலக் கதவு வைத்த சரக்கு விமானம் ஒன்று, ரயிலைப்போல் படுக்கை போட்டது ஒன்று, மெத்தை நாற்காலி போட்டது ஒன்று. சத்தத்தைக் கேட்டே, "இது அகலக் கதவு" என்று அடித்துச் சொல்வேன். யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்?

மாமா ஏறப் போனார். கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருந்தவர். மெட்ராஸில் ஒரு பெரிய ஹோட்டல்காரருக்கு மாதிரிப் பழம் காட்ட வேண்டும், லாரியில் போனால் அடிபடும் என்று விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். துணைக்கு, 'ஏரோப்ளேன் படித்த' நான். அவர் மகள் கமலா எனக்கு முறைப்பெண். இந்தப் பயணம் ஒழுங்காக முடிந்தால் பெண் கேட்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வைக்கோல் பரப்பி, பழம் அடுக்கி, மண்டி வழக்கப்படி கூடையின் வாயில் கோணியைப் போட்டுத் தைக்க மாமா ஊசியை எடுத்தார்.

"எதுக்கு மாமா தைக்கறீங்க? புழுங்கிப் போயிடும். இது என்ன லாரியா குலுங்கறதுக்கு? தரை ரசமட்டம் வச்ச மாதிரி சமமா இருக்கும்."

"நெசமாத்தான் சொல்றியாடா வரதா?"

"டகோட்டாவைப் பத்தி எங்கிட்டயா கேக்கறீங்க?"

கதவோரம் கமலா நின்றிருந்தாள். அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மறுநாள் பெங்களூரில்தான் டகோட்டாவை முதன்முதலாகத் தரையில் பார்த்தேன். அடேயப்பா! மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி, வெயிலில் வெள்ளியாய் மின்னிக்கொண்டு நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெளியே சாய்ந்து நிற்பது உள்ளேயும் சாய்ந்துதானே இருக்கும் என்று அந்தப் பரவசத்தில் தோன்றவே இல்லை. ஓசூர் வானத்திலும் என் பத்திரிகைப் படங்களிலும் அது பறந்துகொண்டேதான் இருந்தது. பறக்கும்போது சமம்தான்.

வால் பக்கக் கதவில் நுழைந்து, மேடேறி, முன் இருக்கைக்குப் போனோம். நடைபாதையில் கூடையை வைத்ததுதான் தெரியும், சாய்ந்துவிட்டது. நீளமான பெங்களூரா பழமாவது மூக்கு குத்தி நின்றிருக்கும். இது மல்கோவா, உருண்டையோ உருண்டை. ஏறி வருகிறவர்களின் கால்களுக்கு நடுவே தடதடவென்று வாசல் வரைக்கும் போயிற்று. ஒரு கோட்டுக்காரர் இரண்டு கையிலும் பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யார்து ரீ ஈ மாவினஹண்ணு?" என்று கன்னடத்தில் சொந்தக்காரரைத் தேடினார்.

மாமா என்னைப் பார்த்தார். "ரசமட்டம்?"

பயணிகள் கைமாற்றிக் கைமாற்றிப் பழங்களை மேலே அனுப்பினார்கள். இன்ஜின்கள் முழங்கின. ஓட ஓட வால் எழும்பியது, தரை நிமிர்ந்தது. "பாத்தீங்களா மாமா, சமம்!" என்று கத்தினேன். (வெட்கம் கெட்டவன்.)

மாமாவுக்குக் காது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கச் சன்னலில், தூரத்தில், கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் பளபளத்தது. பக்கத்தில் உள்ளங்கையளவு மலை. மாமா தினமும் மண்டியிலிருந்து அண்ணாந்து பார்த்த மலை.

"மாப்ளே... அது நம்ம மலைடா!"

மாப்ளே! பிறந்ததிலிருந்து 'டேய் வரதா' தவிர வேறெதுவும் சொல்லாத மனுஷன். என் கையை இறுக்கிப் பிடித்தவர் விடவே இல்லை. மலை மறையும்வரை இரண்டு பேரும் சன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆனந்தத்தில், இறங்கினால் என்ன ஆகும் என்பதை மறந்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் சக்கரம் தரையைத் தொட்டது, வால் இறங்கியது, மல்கோவா மறுபடியும் கிளம்பியது.

"டேய் வரதா!"

கன்றிப்போன பழங்களைப் பார்த்து ஹோட்டல்காரர் உதட்டைப் பிதுக்கினார். வியாபாரம் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று ஊர் திரும்பினேன். தன் வீட்டில் மாமா நடந்ததைச் சொல்லச் சொல்ல, உள்ளே கமலா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவருக்கே கட்டிக் குடுங்கப்பா," என்றாள். "கோணியை நான் தச்சுக்கறேன்."

எங்கள் கல்யாணச் சீர்த்தட்டுகளில் மாம்பழத் தட்டு மட்டும் கோணி போட்டுத் தைத்து வந்தது. அன்றிலிருந்து வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் அப்படித்தான். கடைசி மகளின் கல்யாணத்தில், "இது மட்டும் ஏங்க தைச்சிருக்கு?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள் கமலா. "மண்டபத்துத் தரை சமம்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."