ஜீன் இல்லாமலே வந்த ஊதா

இன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஏனாத்தூர் பஸ் புடிச்சு, லேபுக்குப் போயி, இன்குபேட்டர்ல இருக்கிற ரெண்டு தட்டைப் பாக்கணும்.

முதல் தட்டுல நான் ஜீன் ஏத்தின பாக்டீரியா. உள்ள என்சைம் வேலை செஞ்சா ஊதாக் கலர் வரும். ரெண்டாவதுல ஜீன் ஏத்தாத பாக்டீரியா. அது வெள்ளையாவே இருக்கணும்.

இதுவரைக்கும் அஞ்சு தடவை ரெண்டுமே வெள்ளை. "இன்னைக்கும் கலர் வரலைன்னா டாபிக்கை மாத்திடலாம்மா"ன்னு என் கைடு மேடம் சொல்லிட்டாங்க. அதாவது, என் ஆறு மாச உழைப்பு குப்பைத்தொட்டிக்கு.

முதல் தட்டை எடுத்தேன். ஊதா! புள்ளி புள்ளியா ஊதா!

ரெண்டாவதைப் பாக்கிற பொறுமை யாருக்கு இருக்குது? மேடத்துக்குப் போன். அடுத்து அப்பாவுக்கு. அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுறவர்.

"இன்னா ஊதாம்மா? கத்திரிப்பூவா, நாவப்பழமா?"

"நாவப்பழம்பா!"

"அட! நேத்து காலைல நாம சாயப்பொடி எடை போட்டோமே, அதே கலரு!"

"ஆமாம்பா! இன்னா ராசி பாத்தியா!"

அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நான் வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டுக்கினு இருந்தேன்.

மேடம் வந்தாங்க. ரெண்டாவது தட்டை எடுத்தாங்க. அதுலயும் ஊதா. முதல் தட்டைவிட ஜாஸ்தி!

"ஜீனே இல்லாததுக்கு எப்படிம்மா கலர் வந்துச்சு?"

"புதுக் கண்டுபிடிப்பா இருக்குமோ மேடம்?"

மேடம் ஈர டிஷ்யூவால ஒரு புள்ளியைத் தொட்டாங்க. ஊதா மொத்தமும் டிஷ்யூக்கு வந்துடுச்சு.

"பாக்டீரியாவோட கலர் இப்படித் தண்ணில கரையாதும்மா"ன்னுட்டு என் துப்பட்டா ஓரத்தைப் பாத்தாங்க. அங்கயும் நாவப்பழம்.

நேத்து சாயப்பொடி எடை போட்ட கையோட, அதே துப்பட்டாவைப் போட்டுக்கினு வந்து தட்டைத் திறந்திருக்கேன். உதிர்ந்த பொடி ஈரத்துல பூத்திருக்குது. எங்க வீட்ல எந்த நூலையும், சாயம் ஓடுதான்னு ஈர வெள்ளைத் துணில தேச்சுப் பாக்காம நம்ப மாட்டோம். ஆறு வயசுலேர்ந்து நான் செய்யற வேலை அது! தரைக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

"இன்னும் ஒரு வாரம் தரேன். தலைக்குக் குளிச்சிட்டு வா"ன்னாங்க மேடம்.

சாயந்திரம் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். டிஷ்யூ விஷயம் வந்ததும் அப்பா முகம் தொங்கிப்போச்சு.

"நம்ம சாயம் ஓடிச்சா? நூலோட கொதிக்க வைக்காத பொடி ஓடத்தாம்மா செய்யும்! அத உங்க மேடத்துகிட்ட சொன்னியா இல்லியா?"

"சொல்லிட்டேன்பா"ன்னு ஒரு பொய் சொன்னேன். வீட்ல ஒருத்தர் மானமாவது மிஞ்சட்டும்.